பூசை லீவா, தீபாவளியா, மார்கழியா? நெல்லையிலிருந்து இமயமலைக்கு எப்போது கிளம்பலாம்

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, புரட்டாசி வெயில் மறுபடியும் மண்டையைப் பிளக்கும்போதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு இமயமலை ஞாபகம் வரும். "அண்ணாச்சி, இந்தத் தடவை எப்படியும் பனி பாத்துரணும். பூசை லீவுல போகட்டா, கிறிஸ்துமஸ் லீவுல போகட்டா?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பனி மூடிய மலையைப் பார்க்கணுமா, பனியில் காலை வைக்கணுமா?

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து டிக்கெட் போடுவதால்தான் பாதிப் பயணங்கள் கெட்டுப்போகின்றன. மலையைப் பார்க்க ஐப்பசிக்கு இணையான காலம் கிடையாது. காலடியில் பனி வேண்டும் என்றால், ஐப்பசியில் அது கிடைப்பது அதிர்ஷ்டம், மார்கழியில் பாதிக்குப் பாதி, தையில்தான் ஓரளவு நம்பலாம். நம் பள்ளிக்கூட லீவுகளும் கோயில் கொடைகளும் வயல் வேலையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு காலமாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால், அங்கே பனி எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை என்றால் நாம் வங்கக்கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்டுக்காரர்கள் பார்ப்பது மேற்குத் திசையை. மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தக் கலக்கங்கள், உயரத்தில் வேகமாக ஓடும் மேலைக்காற்றில் ஏறிக்கொண்டு, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் முட்டும். வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது.

ஒன்று வந்தால் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் நாள் மெல்லிய மேகம் உயரத்தில் பரவி, சூரியனைச் சுற்றி வட்டம் கட்டும். அன்று ராத்திரி குளிர் குறைந்த மாதிரி இருக்கும். புதிதாகப் போனவர்கள் "குளிர் விட்டுருச்சு" என்று ஸ்வெட்டரைக் கழற்றுவது அப்போதுதான். அடுத்த நாள் மேகம் தாழ இறங்கும். கீழே மழையாகவும் மேலே பனியாகவும் ஒரு நாளோ இரண்டு நாளோ கொட்டும். பிறகு வானம் சுத்தமாக வெளுத்துவிடும். உண்மையான குளிர் வெளுத்ததற்கு அப்புறம்தான் வருகிறது. கலக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வறண்ட குளிர்காற்று வடமேற்கிலிருந்து இறங்கும். மேகப் போர்வையும் இல்லாததால் ராத்திரி வெப்பம் சடசடவென்று விழும். போட்டோவுக்கு இதைவிட நல்ல காலை வராது. ரோட்டுக்கு இதைவிட மோசமான காலையும் வராது. முந்தின நாள் உருகிய ஈரம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். நம் பொதிகை மலை உச்சியே 1,868 மீட்டர்தான். மணாலி ஊர் அதைவிட உயரத்தில், சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 12 டிகிரி வித்தியாசம். மணாலி கடைவீதியில் 8 டிகிரியில் மழை பெய்தால், கணவாயில் மைனஸ் 4, அதாவது பனி. ஆகவே போனில் "மணாலி: மழை" என்று காட்டினால் முகம் சுருங்க வேண்டியதில்லை. மேலே என்ன நடக்கிறது என்று கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கலக்கங்கள் நடுக் குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வரும். புரட்டாசி, ஐப்பசியில் குறைவு. வந்தாலும் பல சமயம் காஷ்மீரின் வட விளிம்பை உரசிவிட்டுப் போய்விடும். பூசை லீவில் பனி கேட்டவர்கள் ஏமாறுவதும், மலை கேட்டவர்கள் மகிழ்வதும் இதனால்தான்.

பூசை லீவு

தென்மேற்குப் பருவமழை ராஜஸ்தானின் மேற்குப் பகுதியிலிருந்து விலகத் தொடங்குவது சராசரியாக செப்டம்பர் 17-இல். நாடு முழுவதிலிருந்தும் விலகி முடிய அக்டோபர் 15 ஆகும். வடமேற்கு மலைகள் இதில் முதலிலேயே காலியாகிவிடும். அக்டோபர் பிறந்துவிட்டால் இமாச்சலிலும் காஷ்மீரிலும் வானத்தில் தூசியும் இல்லை, மேகமும் இல்லை. மழை கழுவிவிட்டுப் போன காற்றில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிகரம்கூடக் கை எட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். மணாலியில் பகல் 20 டிகிரியை ஒட்டி, ராத்திரி 5, 6 டிகிரி. ஸ்ரீநகரிலும் கிட்டத்தட்ட இதேதான். எழுபது வயது ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனாலும் ஒரு சால்வை, ஒரு மங்கி கேப்போடு சமாளித்துவிடலாம். கணவாய்கள் எல்லாம் திறந்திருக்கும். ரோத்தங்குக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகச் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வசதியும் இதற்கு ஒத்து வருகிறது. கார் பருவ நெல் அறுவடை முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றங்கால் போடும் வேலை சூடு பிடிக்காத இடைவெளி இது. தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் போவதென்றால் ஆண்டில் இரண்டு மூன்று இடைவெளிதான் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் அநேகமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில்தான் வந்து சேரும்.

குறுக்கே நிற்பது குலசை என்கிற குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா ஒன்றுதான். வேஷம் கட்ட நேர்ந்துகொண்ட வீட்டில் விஜயதசமி ராத்திரி சூரசம்ஹாரம் முடியாமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இமாச்சலின் குல்லு தசரா, மற்ற ஊர்களில் தசரா முடியும் விஜயதசமி அன்றுதான் தொடங்கும். ஏழு நாள் நடக்கும். தால்பூர் மைதானத்தில் ரகுநாதர் தேர் இழுப்பார்கள். சுற்றுவட்டாரக் கிராம தெய்வங்கள் எல்லாம் பல்லக்கில் தோளேறி இறங்கி வரும். காப்பு களைந்துவிட்டு மறுநாள் கிளம்பினாலும், டெல்லிக்கு விமானத்திலோ, நாள் ஒத்துவந்தால் திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ போய், அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்தால் குல்லுவில் கடைசி இரண்டு மூன்று நாளைப் பிடித்துவிடலாம். முத்தாரம்மனுக்கு ஆடிவிட்டு வந்த கால்களுக்கு அந்த மேளச் சத்தம் அந்நியமாக இருக்காது.

இந்தக் காலத்துக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பருவமழை முழுக்க விலகாத நேரத்தில் ஒரு மேற்கத்திய இடையூறு முந்திக்கொண்டு வந்துவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 2018 செப்டம்பர் நான்காம் வாரத்தில், ரோத்தங்குக்கு அந்தப் பக்கம் உள்ள லாஹுல் பள்ளத்தாக்கில் அப்படித்தான் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் பனியில் மாட்டிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் போய் மீட்டு வந்தன. ஆயுத பூசை செப்டம்பர் கடைசியிலும் விழும், அக்டோபர் நான்காம் வாரத்திலும் விழும். முந்தி விழும் ஆண்டில் லீவு கிடைத்ததே என்று அவசரப்படாமல், மழை விலகிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள்.

இன்னொரு ஆபத்து நம் கடலிலிருந்தே போகிறது. 2014 அக்டோபர் 12-இல் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. புயல் நமக்கு வரவில்லை என்று இங்கே மறந்துவிட்டோம். அதன் மிச்சம் வடக்கே ஏறி, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பகுதியில் பெரும் பனிப்பொழிவாகக் கொட்டியது. தொரோங் கணவாய்ப் பக்கம் நடைப்பயணம் போனவர்களும் வழிகாட்டிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் வங்கக்கடல் ஈரமும் ஒரு மேற்கத்திய இடையூறும் உத்தராகண்டில் சந்தித்துக்கொண்டன. பந்த்நகரில் 24 மணி நேரத்தில் 403 மில்லிமீட்டர், முக்தேஷ்வரில் 340 மில்லிமீட்டர். அது குற்றாலமே பார்த்து மலைக்கும் மழை. இரண்டு சம்பவமும் ஆண்டிலேயே அமைதியான மாதம் என்று பெயர் வாங்கிய அக்டோபரில் நடந்தவை.

அதனால் பூசை லீவில் போகிறவர்கள், வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி ஆந்திரா, ஒடிசா பக்கம் போகிறது என்ற செய்தி வந்தால், "நமக்கு மழை இல்லை" என்று டிவியை அணைக்க வேண்டாம். அடுத்த மூன்று நான்கு நாள் உத்தராகண்ட் மலைப்பாதையிலும் நேபாளத்திலும் இருக்கக் கூடாது. மணாலி, ஸ்ரீநகர் போன்ற ஊர்களுக்குள் இருப்பவர்களுக்கு இதில் பெரிய பயமில்லை. உயரத்தில் கூடாரம் போட்டு நடப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு.

தீபாவளியை ஒட்டி

தீபாவளி முடிந்த கையோடு கேதார்நாத் போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. போக முடியாது. கங்கோத்ரி நடை தீபாவளிக்கு மறுநாளை ஒட்டியும், கேதார்நாத், யமுனோத்ரி நடை அமாவாசை கழிந்த இரண்டாம் திதியான யம துவிதியை அன்றும் சாத்திவிடுவார்கள். தீபாவளி முந்தி வந்தால் நடை சாத்துவதும் முந்திவிடும். 2024-இல் நவம்பர் 3-இல் சாத்திய கேதார்நாத்தை, 2025-இல் அக்டோபர் 23-லேயே சாத்தினார்கள். பத்ரிநாத் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரமோ, சில ஆண்டுகளில் அதற்கு மேலோ தாங்கும். இந்த நான்கு கோயிலும் சேர்ந்த சார்தாம் யாத்திரை போகணும் என்றால் பூசை லீவுதான் கடைசி நல்ல வாய்ப்பு.

கோயிலை விட்டுவிட்டு வானிலையை மட்டும் பார்த்தால், தீபாவளியிலிருந்து நவம்பர் நடு வரை காஷ்மீருக்கு ஒரு தனி அழகு உண்டு. இலையுதிர் காலத்தை அவர்கள் ஹருத் என்பார்கள். சினார் மரங்கள் பச்சையிலிருந்து மஞ்சளாகி, செம்பழுப்பாகி, கடைசியில் நெருப்புத் துண்டம் மாதிரி நிற்கும். இலை நம் உள்ளங்கை அகலம், ஐந்து விரலாகப் பிரிந்திருக்கும். நிஷாத் தோட்டத்திலும் காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்தின் நசீம் பாக் பகுதியிலும் கணுக்கால் முங்க விழுந்து கிடக்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அதே வாரங்களில் பாம்பூர் மேட்டில் குங்குமப்பூ பூக்கும். விடியற்காலையில் குடும்பமே குனிந்து ஊதாப் பூவைப் பறித்துக் கூடையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு நாரைப் பிரித்தெடுப்பார்கள். நம் கடையில் கண்ணாடிச் சிமிழில் கிராம் கணக்கில் விற்பதற்குப் பின்னால் இவ்வளவு வேலை.

பகல் 15 டிகிரி, ராத்திரி பூஜ்ஜியத்தைத் தொடும். மழை குறைவு. பனி? பெரும்பாலான ஆண்டுகளில் மலை உச்சியில் மட்டும்தான். ஆனால் 2018 நவம்பர் 3-இலும் 2019 நவம்பர் 7-இலும் பள்ளத்தாக்குக்குள்ளேயே கனமான பனி விழுந்தது. இலை உதிராத ஆப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் கிளை முறிந்தன. சுற்றுலாப் பயணிக்கு அது பாக்கியம், தோட்டக்காரருக்கு இடி. அப்படி வாய்த்தால் சந்தோஷம். அதை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ரோத்தங் இந்த மாதத்தில் எந்த நாளும் மூடலாம். அதற்காக லாஹுல் பக்கமே போக முடியாது என்றில்லை. 2020 அக்டோபர் 3-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டருக்கு மலையைக் குடைந்து போகிறது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் சிஸ்ஸுவில் வெளியே வரும்போது வேறு நாட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மழை மேகம் தாண்டாத வறண்ட மலைகள், மஞ்சளாகிப்போன பாப்லர் மரங்கள்.

இவ்வளவும் சரி. நான் ஏன் நெல்லைக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை? மூன்று காரணம். டெல்லி முதலாவது. பயிர்த்தாள் எரிப்பும் காற்றோட்டம் இல்லாத குளிர்ந்த வானிலையும் சேர்ந்து நவம்பரில் அந்த ஊர் புகைக்கூண்டாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அங்கே தங்கி இறங்கினால், மலைக்குப் போவதற்கு முன்பே இருமல் தொடங்கிவிடும். இரண்டாவது கந்த சஷ்டி. தீபாவளிக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் விரதம் இருந்து திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்க்கும் வீடு என்றால் கேள்வியே இல்லை. மூன்றாவதுதான் பெரியது. இங்கே அப்போது அடைமழைக் காலம். பிசான நடவு, உடைகிற வரப்பு, நிறைந்து வரும் குளம், பாபநாசத்தில் திறந்துவிடும் தண்ணீர். 1992 நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்ததை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆற்றங்கரைத் தெருவில் வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீநகரில் படகு வீட்டில் படுத்தால் தூக்கம் வராது.

டவுனில் கடை, மாடி வீடு, வயல் இல்லை, விரதம் இல்லை என்பவர்களுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. அவர்கள் தாராளமாகப் போகலாம். காஷ்மீரை நான் சொல்வது அவர்களுக்குத்தான். நிலவரம் பார்த்துப் போக வேண்டும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களை மூடி, படிப்படியாகத்தான் திறந்தார்கள்.

அரையாண்டு லீவு

டிசம்பர் கடைசி வாரத்தை எல்லோரும் பனிக்கு உரிய வாரம் என்று நினைக்கிறார்கள். நாட்காட்டியைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். காஷ்மீரில் சில்லை கலான் என்கிற கடுங்குளிரின் 40 நாள் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி 30 வரை போகும், கிட்டத்தட்ட நம் மார்கழியும் தையின் முதல் பாதியும். அதற்கு அப்புறம் 20 நாள் சில்லை குர்த், 10 நாள் சில்லை பச்சா என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். அந்த 40 நாளில் தால் ஏரியின் ஓரம் உறையும், குழாயில் தண்ணீர் உறைந்து நின்றுவிடும், தங்கும் விடுதிக்காரர் காலையில் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். நீளமான ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி என்ற தணல் சட்டியை வைத்துக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள்.

ஆனால் குளிர் வேறு, பனி வேறு. வறண்ட குளிர் எத்தனை நாள் அடித்தாலும் ஒரு துளி பனி விழாது. மேற்கத்திய இடையூறு ஒன்று ஈரத்தோடு வந்தாக வேண்டும். டிசம்பர் கடைசியில் அது வந்த ஆண்டுகளும் உண்டு, வராத ஆண்டுகளும் உண்டு. 2023-24 குளிர்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், பயணிகள் தண்ணீருக்கு நடுவில் கிடந்தார்கள். அதே குளிர்காலத்தில் ஜனவரி கடைசி வாரம் வரை காஷ்மீரின் குல்மார்க்கில் பனியே இல்லை. பனிச்சறுக்குக்குப் பேர்போன சரிவில் பழுப்புப் புல் தெரிந்தது. பணம் கட்டிப் போனவர்கள் புல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு நேர் எதிர். 2024 டிசம்பர் 23-இல் மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவில் ஆயிரம் வண்டி வரை பனியில் சிக்கின. டிசம்பர் 27, 28-இல் காஷ்மீரில் கொட்டிய பனியில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்து, ஜம்மு நெடுஞ்சாலை அடைப்பு. பனி கிடைத்தது, ஆனால் பாதி லீவு காருக்குள் போனது. சமவெளி டயர் போட்ட டாக்ஸி அந்த உறைந்த ரோட்டில் திருப்பத்தில் தானாகப் பக்கவாட்டில் நகரும். டிரைவர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் கேட்காது. சங்கிலி கட்டிய வண்டியோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோ இல்லையென்றால் மேலே போக வேண்டாம் என்று போலீஸ் நிறுத்தினால் வாதாடாதீர்கள்.

வண்டியோடு சிக்கிக்கொண்டால் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. பின்னால் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் நச்சுப்புகை உள்ளே திரும்பும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் வண்டிகளுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த சம்பவத்தில் குளிரோடு இந்தப் புகைக்கும் பங்கு இருந்தது. புகைக்குழாயைச் சுற்றி அடிக்கடி பனியைத் தோண்டிவிட வேண்டும். ஒரு கண்ணாடியை விரற்கடை இறக்கி வைக்க வேண்டும். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

இவற்றோடு புத்தாண்டுக் கூட்டம், ஏறிய வாடகை, வட இந்திய மூடுபனியில் மணிக்கணக்கில் தாமதமாகும் ரயில். என் கணக்கில் நான்கு காலங்களில் இதுதான் கடைசி இடம்.

பொங்கலுக்கு அப்புறம்

யாரும் கேட்காத நாலாவது வழி இது. பனியில்தான் கால் வைக்கணும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், கனுப் பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்புங்கள், ஜனவரி 26 விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் நாலைந்து நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். டீச்சரிடம் நானே வந்து பேசட்டுமா என்று கேட்கும் அளவுக்கு இதில் எனக்கு நம்பிக்கை. அதற்குள் மலையில் சில தடவையாவது பனி விழுந்து அடியில் தங்கியிருக்கும். ஒரு வாரம் வறண்டு போனாலும் குல்மார்க், சோலாங் சரிவுகள் வெளுப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசானம் கதிர் வாங்கும் காலம், அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். 2025 ஜனவரியில் திறந்த சோனாமார்க் சுரங்கப்பாதையால், முன்பு குளிர்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த சோனாமார்க்குக்கும் இப்போது போக முடிகிறது.

2024 ஜனவரி மாதிரி இங்கேயும் ஏமாற்றம் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் கடைசியோடு ஒப்பிட்டால் நிகழ்தகவு நம் பக்கம். மூடுபனி இன்னும் இருக்கும். ஆகவே திரும்பும் ரயிலுக்கும் மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாள் சும்மா விடுங்கள். கனமான கோட்டு, பூட்ஸ் இங்கிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம். சோலாங்கிலும் குல்மார்க்கிலும் வாடகைக்குத் தருவார்கள். நமக்கு இங்கிருந்து தேவை உள்ளே போடும் தெர்மல், நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, அப்புறம் சுக்கும் கருப்பட்டியும்.

லடாக் போகலாமா என்றும் கேட்பார்கள். குளிர்காலத்தில் முதல் தடவை மலை ஏறுகிறவர்களுக்கு வேண்டாம். லே ஊரே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் இரண்டு நாள் படுத்து மூச்சுப் பழக வேண்டும். போவதென்றால் செப்டம்பரில் போங்கள்.

இவ்வளவு தூரமே முடியாது, குளிர் மட்டும் போதும் என்றால் கொடைக்கானலோ ஊட்டியோ, டிசம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் நடுவில். மேகம் இல்லாத, காற்றில்லாத ராத்திரிக்குப் பிறகு விடியற்காலையில் புல்வெளியிலும் கார்க் கூரையிலும் உறைபனி உப்பைத் தூவின மாதிரி படிந்திருக்கும். எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், வெயில் பட்டால் கரைந்துவிடும்.

டிக்கெட் எப்போது போடுவது

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு. அக்டோபர் முதல் வாரம் கிளம்ப ஆகஸ்ட் தொடக்கத்திலேயே டிக்கெட் போட்டாக வேண்டும். வானிலைத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பருவக் கணிப்பை செப்டம்பர் முடிவை ஒட்டித்தான் வெளியிடும். குளிர்காலத்துக்கானது நவம்பர் முடிவை ஒட்டி வரும். அதாவது, கணிப்பு வரும்போது நம் டிக்கெட் ஏற்கெனவே பையில் இருக்கும். பருவக் கணிப்பும் மழை கூடுமா குறையுமா என்று மூன்று மாதத்துக்குப் பொதுவாகச் சொல்லுமே தவிர, நீங்கள் போகும் செவ்வாய்க்கிழமைக்குப் பதில் சொல்லாது.

எனவே டெல்லி வரைக்கும் மட்டும் போகவர டிக்கெட்டைப் போட்டுவிட்டு, மணாலியா ஸ்ரீநகரா என்பதைக் கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பு முடிவு செய்வதுதான் என் யோசனை. ஒரு மேற்கத்திய இடையூறு ஈரான், ஆப்கானிஸ்தான் மேல் வரும்போதே வரைபடத்தில் தெரிந்துவிடும். எந்த மலையில் எவ்வளவு கொட்டும் என்று அந்த நாலைந்து நாளுக்குள் ஓரளவு நம்பிச் சொல்கிறார்கள். ஸ்ரீநகர், சிம்லா, டேராடூன் வானிலை மையங்களின் அறிக்கையில் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம் இருக்கும். ஆரஞ்சு வந்த பக்கத்தை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் உயரத்துக்குப் போகிறவர்கள் பனிச்சரிவு எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் அதை வெளியிடுகிறது.

ஸ்ரீநகர்தான் என்று முதலிலேயே உறுதியாக இருப்பவர்களுக்கு டெல்லியில் இறங்கும் வேலையே இல்லை. நெல்லையிலிருந்து நேராகக் கத்ரா போகும் ரயில் இருக்கிறது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் 7 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் பாலம் வரும்போது, ஜன்னல் சீட் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். ரோடு பனியில் அடைத்துக் கிடக்கும் நாளிலும் பல சமயம் இந்த ரயில் ஓடிவிடுகிறது. பொங்கலுக்குப் பிறகு போகிறவர்கள் முதலில் இந்த வழியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ டெல்லிக்கு விமானம் தேடலாம்.